ரேஸ் வாக்கிங்: வேகம் அப்புறம், முதல்ல முழங்கால்! நடைப் பந்தய நுட்பத்தை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

ஒலிம்பிக் வந்தால் போதும், ஒரு வீடியோ தவறாமல் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும். இடுப்பை வெட்டி வெட்டி, கைகளை வீசிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து நடந்து போகும் வீரர்கள். கீழே சிரிக்கும் எமோஜிகள். "அப்படி என்ன அவசரம்?", "ஓடிட்டா சீக்கிரம் போயிடலாமே ப்ரோ!" என்று கமென்ட்டுகள். அடுத்த ஃபார்வர்டு வந்ததும் எல்லாம் மறந்துபோகும்.

சிரித்தவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஜப்பானின் தொஷிகாசு யமானிஷி 2025 பிப்ரவரியில் கோபே நகரில் 20 கி.மீ. தூரத்தை 1 மணி 16 நிமிடம் 10 விநாடிகளில் நடந்து உலக சாதனை படைத்தார். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 49 விநாடிகள்கூட ஆகவில்லை. அலுவலக மாரத்தானில் 10 கி.மீ.யை ஒரு மணி நேரத்தில் ஓடி முடித்து, மெடலோடு செல்ஃபி போடுபவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஆகிறது. அவர் ஓடுவதைவிட இவர் நடப்பது வேகம்.

இந்த நடை பிறவியிலேயே யாருக்கும் வந்துவிடுவதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது. கல்லூரி மாணவரும் கற்கலாம், நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காருபவரும் கற்கலாம். ஆனால், கற்கும் வரிசை முக்கியம். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, கடைசியில்தான் வேகம். நம் ஊரில் பெரும்பாலும் கையில் ஸ்டாப்வாட்ச் வந்த பிறகுதான் பயிற்சியே ஆரம்பிக்கிறது. அங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

நடைப் பந்தயத்தின் விதி இரண்டே வரிகளில் அடங்கிவிடும்.

ஒன்று: ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்புவது மனிதக் கண்ணுக்குத் தெரியக் கூடாது.

இரண்டு: முன்னால் வைக்கும் கால், தரையைத் தொட்ட நொடியிலிருந்து உடலுக்கு நேர் கீழே வரும் வரை மடங்காமல் நேராக இருக்க வேண்டும்.

அவ்வளவுதான். கை எப்படி வீச வேண்டும், இடுப்பு எவ்வளவு ஆட வேண்டும் என்றெல்லாம் விதியில் ஒரு வார்த்தை கிடையாது. அப்படியானால் எல்லோரும் ஏன் இடுப்பை ஆட்டுகிறார்கள்?

இடுப்பு ஏன் ஆடுகிறது?

இதைப் புரிந்துகொள்ள, ஓட்டம் எப்படி வேகம் பெறுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடுபவருக்கு இரண்டு வசதிகள். முழங்காலை மடக்கி, ஸ்பிரிங் போல அழுத்தி, உடலை எழுப்பலாம். எழுந்த பிறகு சிறிது நேரம் காற்றில் பறந்து தூரத்தைக் கடக்கலாம். நடைப் பந்தயத்தின் முதல் விதி பறப்பதைத் தடுக்கிறது. இரண்டாவது விதி அந்த ஸ்பிரிங்கைத் தடுக்கிறது. ஓட்டத்தை ஓட்டமாக்கும் இரண்டு கதவுகளும் மூடியாகிவிட்டன.

சாதாரணமாக நடப்பவரின் வேகம் மணிக்கு 7 கி.மீ.யைத் தாண்டும்போது, உடல் தானாகவே ஓட்டத்துக்கு மாறப் பார்க்கும். பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடப்பவர் ஒரு கட்டத்தில் தன்னை அறியாமல் ஓடத் தொடங்குவது இதனால்தான். நடை வீரர்களோ மணிக்கு 15 கி.மீ. வேகத்திலும் ஓட்டத்துக்கு மாறாமல் இருக்கிறார்கள். காலை மடக்க முடியாது, துள்ள முடியாது. மிச்சம் இருப்பது இடுப்பு.

வலது கால் முன்னால் போகும்போது இடுப்பின் வலப்பக்கமும் சேர்ந்து முன்னால் போகிறது. இதனால் ஒவ்வோர் அடியிலும் சில சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. சாதாரண நடையில் இரண்டு பாதங்களும் தண்டவாளம் போல இரண்டு வரிசைகளில் பதியும். நடைப் பந்தயத்தில் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் பதியும். கூடவே, தரையில் ஊன்றாத காலின் பக்கம் இடுப்பு சற்றே தாழும். நேராக நிற்கும் காலின் மேல் உடல் ஏறி இறங்கும்போது தலை மேலும் கீழும் குதிக்காமல் இருக்க இது உதவுகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படும் அந்த 'ஆட்டம்' இதுதான். அது ஸ்டைல் இல்லை. விதி விட்டுவைத்த ஒரே வழி.

நடுவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள்?

சாலையில் நடக்கும் பெரிய போட்டிகளில் தலைமை நடுவரையும் சேர்த்து 6 முதல் 9 நடுவர்கள் பாதையோரம் நிற்பார்கள். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசுவதில்லை. கேமரா கிடையாது, ரீப்ளே கிடையாது. கண்ணால் பார்த்ததுதான் தீர்ப்பு.

தவறு நெருங்குகிறது என்று தோன்றினால், நடுவர் கையில் பிடிக்கும் மஞ்சள் பலகையைக் காட்டி எச்சரிப்பார். அதில் அலைக்கோடு இருந்தால், கால் தரையை விடுகிறது என்று அர்த்தம். மடங்கிய முழங்கால் போன்ற குறி இருந்தால், கால் நேராக இல்லை என்று அர்த்தம். தவறு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டால் ரெட் கார்டு. இதை வீரரிடம் நீட்ட மாட்டார்கள். பாதையோரம் உள்ள அறிவிப்புப் பலகையில் அவருடைய எண்ணுக்கு நேராகக் குறி விழும். நடந்துகொண்டே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று ரெட் கார்டு வந்தால் ஆட்டம் முடிந்தது என்பது பழைய கணக்கு. இப்போது பெரிய போட்டிகளில் பெனால்டி பகுதி உண்டு. 20 கி.மீ. பந்தயத்தில் மூன்றாவது ரெட் கார்டு வாங்கியவர் அங்கே 2 நிமிடங்கள் நிற்க வேண்டும். மற்றவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒன்று வந்தால் வெளியே.

ஜெயித்த பிறகு தோற்றவர்கள்

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆண்கள் 20 கி.மீ. பந்தயத்தில் மெக்சிகோவின் பெர்னார்டோ செகூரா முதலாவதாகக் கோட்டைத் தொட்டார். மெக்சிகோ அதிபர் போனில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தகுதி நீக்கம் என்ற செய்தி அவரை வந்தடைந்தது. அதே சிட்னியில், ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில் பெண்கள் 20 கி.மீ.யில் முன்னிலையில் இருந்தார். சொந்த நாட்டு ரசிகர்கள் நிரம்பிய ஸ்டேடியத்துக்குள் நுழையப் போகும் நேரத்தில் ரெட் கார்டு. அழுதுகொண்டே வெளியேறினார்.

இந்தியாவுக்கும் அந்த அனுபவம் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 20 கி.மீ.யில் இந்தியா சார்பில் மூவர் நடந்தார்கள். மணீஷ் சிங் ராவத் 13-வது இடம் பிடித்தார். குர்மீத் சிங்கும், தமிழ்நாட்டைச் சேர்ந்த கணபதி கிருஷ்ணனும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். கணபதியின் பெயர் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒலிம்பிக் வரை போன ஒரு தமிழ் வீரரின் பந்தயம் எந்த விதியால் முடிந்தது என்று யாரும் விளக்கமாகப் பேசவும் இல்லை.

இந்தக் கதைகளை எல்லாம் வைத்து, "இது என்னப்பா அநியாயமான விளையாட்டு" என்று முடிவு கட்டிவிடலாம். போலந்தின் ராபர்ட் கோர்செனியோவ்ஸ்கி அப்படி முடிவு கட்டவில்லை. 1992 பார்சிலோனாவில் 50 கி.மீ. பந்தயத்தில் இரண்டாவது இடத்தில் வந்துகொண்டிருந்தவரை, ஸ்டேடியம் வாசலில் நடுவர்கள் நிறுத்தினார்கள். அதே மனிதர் 1996 அட்லான்டாவில் 50 கி.மீ. தங்கம், 2000 சிட்னியில் 20 கி.மீ., 50 கி.மீ. இரண்டிலும் தங்கம், 2004 ஏதென்ஸில் மறுபடியும் 50 கி.மீ. தங்கம் வென்றார். சிட்னி 20 கி.மீ.யில் செகூரா இழந்த தங்கம் போய்ச் சேர்ந்ததும் இவரிடம்தான். ஜேன் சாவிலும் நான்கு வருடம் கழித்து ஏதென்ஸில் வெண்கலம் வாங்கினார்.

நடையைத் திருத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால், 20 வயதுக்கு மேல், பதக்கம் பறிபோன பிறகு திருத்துவதைவிட, முதல் நாளிலேயே சரியாகப் பழகுவது சுலபம்.

அடிப்படை நுட்பம்: காலிலிருந்து தலை வரை

குதிகால்: முதலில் தரையைத் தொட வேண்டியது குதிகால். அந்த நேரத்தில் கால்விரல்கள் மேல்நோக்கி இருக்க வேண்டும். பிறகு பாதம் முன்பக்கமாக உருண்டு, கடைசியில் கட்டைவிரலால் தரையைத் தள்ள வேண்டும். பாதம் முழுவதும் 'டப் டப்' என்று அறைந்து விழுந்தால், முன்னங்கால் தசைக்கு இன்னும் பலம் போதவில்லை என்று அர்த்தம்.

முழங்கால்: குதிகால் தொடும்போதே நேராகிவிட வேண்டும். உடல் அந்தக் காலின் மேல் வரும் வரை அப்படியே இருக்க வேண்டும். உடல் கடந்த பிறகு மடக்கிக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர்கள் செய்யும் தவறு, காலை விறைப்பாக உதைத்து நேராக்குவது. உதைக்கத் தேவையில்லை. விரல்களை மேலே தூக்கி, குதிகாலை மெதுவாக வைத்தாலே முழங்கால் பெரும்பாலும் தானாக நேராகும்.

அடியின் நீளம்: வேகமாகப் போக வேண்டும் என்று நினைத்ததும் எல்லோரும் முதலில் செய்வது, காலை எட்டி முன்னால் வைப்பது. இது பிரேக் போடுவதற்குச் சமம். உடலுக்கு வெகு தூரம் முன்னால் ஊன்றிய கால், ஒவ்வோர் அடியிலும் உடலைப் பின்னுக்குத் தள்ளும். தொடையின் பின்தசையும் இழுபடும். அடி நீள வேண்டியது முன்னால் அல்ல, பின்னால். பின்கால் தரையைக் கடைசி வரை தள்ளிவிட்டுக் கிளம்ப வேண்டும். தேர்ந்த வீரர்கள் நிமிடத்துக்கு 200 அடிகளை ஒட்டி வைக்கிறார்கள். அவர்களின் வேகம் எட்டு வைப்பதில் இல்லை, விரைந்து வைப்பதில் இருக்கிறது.

இடுப்பு: வேண்டுமென்றே பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. பக்கவாட்டு ஆட்டத்தால் ஒரு சென்டிமீட்டர்கூட முன்னேற முடியாது. போக வேண்டியது முன்னும் பின்னும். தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, இரண்டு பாதங்களையும் அதன் மேல் வைத்து நடந்தால், இடுப்பு எப்படித் திரும்ப வேண்டும் என்று உடலே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கை: முழங்கையை ஏறக்குறைய செங்கோணத்தில் மடக்கி, முன்பின்னாக வீச வேண்டும். பின்னால் வரும்போது கை இடுப்பெலும்பு வரை வரட்டும். முன்னால் போகும்போது மார்புக்கு மேல் ஏறக் கூடாது. விரல்களை இறுக்கி முஷ்டி பிடிக்க வேண்டாம். கைகளும் தோள்களும் மேலே ஏறினால் உடலும் மேலே எழும்பும். உடல் எழும்பினால் கால் தரையை விடும். முதல் விதியை மீறுவது பல நேரம் தோளிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

உடம்பும் தலையும்: நிமிர்ந்த உடம்பு. சாய்வு வேண்டுமானால் கணுக்காலிலிருந்து லேசாக வரலாம், இடுப்பில் குனிந்து வரக் கூடாது. குனிந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், முழங்கால் மடங்கும். பார்வை சில மீட்டர் முன்னால் இருக்கட்டும். போன் ஸ்கிரீனில் வேண்டாம்.

முதல் ஆறு வாரம் என்ன செய்யலாம்?

வாரத்துக்கு மூன்று நாள் போதும். முதல் இரண்டு வாரங்கள், 20 நிமிட சாதாரண நடைக்கு நடுவே ஒரு நிமிடம் மட்டும் நுட்பத்தோடு நடப்பது, பிறகு இரண்டு நிமிடம் சாதாரணமாக நடப்பது. இப்படி ஆறு முறை. இந்த ஒரு நிமிடத்தில் வேகம் பற்றிய நினைப்பே கூடாது. ஆமை போல நடந்தாலும் பரவாயில்லை, குதிகால், முழங்கால் இரண்டும் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் அந்த ஒரு நிமிடத்தை இரண்டு, மூன்று நிமிடங்களாக நீட்டலாம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இருந்தால் அதன் மேல் நடந்து பழகலாம். வெறும் குதிகாலில் 20, 30 மீட்டர் நடப்பது முன்னங்கால் தசைக்கு நல்ல பயிற்சி.

ஐந்தாவது, ஆறாவது வாரங்களில்தான் கைவீச்சைக் கூட்டி, வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு: முழங்கால் மடங்குகிறது என்று தெரிந்த நொடியே வேகத்தைக் குறைக்க வேண்டும். 'இன்னும் ஒரு ரவுண்டு இப்படியே இழுத்துடலாம்' என்று நினைத்தால், மடங்கிய காலோடு வேகமாகப் போகத்தான் உடல் பழகும். பழகிய பிறகு அதை மறக்கடிப்பது பெரும்பாடு.

முழங்கால் மடங்குகிறதா என்று தனக்குத் தானே எப்படித் தெரியும்? இதற்குத்தான் கையில் போன் இருக்கிறது. நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில், முழங்கால் உயரத்தில் போனைப் பிடித்து ஸ்லோமோஷனில் எடுக்கச் சொல்லலாம். குதிகால் தொடும் இடத்தில் ஒரு முறை, கால் உடலுக்கு நேர் கீழே வரும் இடத்தில் ஒரு முறை வீடியோவை நிறுத்திப் பார்த்தால் போதும். நேராக நடப்பதாக மனசு நினைத்துக்கொண்டிருக்கும். வீடியோ வேறு கதை சொல்லும். அந்த இடைவெளியைப் பார்ப்பதுதான் முதல் பாடம்.

வலி வந்தால்? ஷூ வாங்கணுமா?

முதல் சில நாட்களில் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டிய தசை எரியும். விரல்களை மேலே தூக்கியே வைத்திருக்கும் வேலையை அந்தத் தசை அதுவரை செய்ததில்லை. எரிச்சல் வந்தால் சாதாரண நடைக்கு மாறி, தணிந்த பிறகு தொடரலாம். தொடையின் பின்பக்கம் இழுத்தால், அடி முன்னால் நீள்கிறது என்று அர்த்தம். குத்தும் வலி, வீக்கம், மறுநாளும் குறையாத வலி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடையில் துள்ளல் இல்லாததால் இந்த அதிர்ச்சி குறைவு. ஓடிப் பார்த்து, கால் ஒத்துழைக்காமல் விட்டவர்களுக்கு இது நல்ல மாற்று. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 50 நிமிடம் வீதம் மூன்று நாள் நடந்தாலே அந்தக் கணக்கு நேராகிவிடும்.

ஷூ விஷயத்தில் அவசரப்பட்டு செலவு செய்ய வேண்டியதில்லை. குதிகால் பகுதி ரொம்பத் தடிமனாக இல்லாத, வளையக்கூடிய, எடை குறைந்த ஷூ போதும். மெத்தை மாதிரி உயர்ந்த குதிகால், பாதம் உருள்வதற்குத் தடையாக இருக்கும்.

"ஓடிட்டுப் போயிடலாமே?"

நடைப் பந்தயத்துக்கு எதிராக இரண்டு வாதங்கள் எப்போதும் வரும். இரண்டுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் வாதம், வேகமாகப் போக வேண்டும் என்றால் ஓடலாமே, செயற்கையாக எதற்கு ஒரு தடை? நீச்சலில் ஃப்ரீஸ்டைல்தான் வேகமானது. அப்படியிருந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்குத் தனிப் பதக்கம் இருக்கிறது. "ஃப்ரீஸ்டைல்ல போயிட்டா சீக்கிரம் போயிடலாமே" என்று யாரும் சிரிப்பதில்லை. கையால் பந்தைத் தட்டக் கூடாது என்று கால்பந்தில் ஒரு தடை. கபடியில் மூச்சு விடாமல் பாட வேண்டும் என்று ஒரு தடை. தடை இல்லாமல் விளையாட்டே கிடையாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இல்லாத சிரிப்பு நடையில் மட்டும் வருவதற்குக் காரணம், நடை எல்லோருக்கும் தெரிந்தது என்ற நினைப்பு.

இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது. ஸ்லோமோஷனில் பார்த்தால் முன்னணி வீரர்கள் பலர் ஒரு கணம் இரண்டு கால்களையும் தரையிலிருந்து எடுக்கிறார்கள். அப்புறம் என்ன நடை? உண்மைதான், எடுக்கிறார்கள். ஆனால், அது விநாடியில் மிகச் சிறிய பகுதி. கண்ணுக்குத் தெரியாத வரை தவறில்லை என்று விதியே சொல்கிறது. ஷூவுக்குள் சென்சார் வைக்கலாம் என்ற யோசனையும் பேசப்பட்டு வருகிறது. அது வரும் வரை, கண் பார்ப்பதுதான் சட்டம். இந்த விதியில் ஒரு நியாயமும் இருக்கிறது. கிராமத்து மைதானத்தில் நிற்கும் பி.இ.டி. மாஸ்டரின் கண்ணும், ஒலிம்பிக் நடுவரின் கண்ணும் ஒரே கருவி. கோடி ரூபாய் கேமரா இல்லாத இடத்திலும் இந்த விளையாட்டைச் சரியாகக் கற்றுக்கொடுக்க முடியும்.

சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

பூங்காவில் ஓடும் இளைஞரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே இடத்தில் ஒரு பெண் இடுப்பு திரும்ப வேகநடை பழகினால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் தலை திரும்பும். "என்னம்மா, டான்ஸ் கிளாஸா?" என்று ஒரு குரல் வரும். அடுத்த நாள் அவர் இடுப்பை இறுக்கிக்கொண்டு, அடியைக் குறுக்கிக்கொண்டு, எல்லோரையும் போலவே நடப்பார். அல்லது வரவே மாட்டார். நுட்பத்துக்கு மூல ஆதாரமான அசைவையே வெட்கம் தடுத்துவிடுகிறது. இந்த விளையாட்டில் கிண்டல் என்பது நேரடியாகக் காலில் விழும் அடி.

பெண்களுக்கு இந்தப் பாதை ஏற்கெனவே தாமதமாகத்தான் திறந்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் 50 கி.மீ. நடைப் பந்தயம் 1932-லும், 20 கி.மீ. 1956-லும் வந்துவிட்டன. பெண்கள் 10 கி.மீ. நடக்க 1992 பார்சிலோனா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படித் திறந்த பாதையில் இந்தியப் பெண்கள் நன்றாகவே நடந்திருக்கிறார்கள். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் குஷ்பீர் கவுர் 20 கி.மீ.யில் வெள்ளி வென்றார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் பிரியங்கா கோஸ்வாமி 10,000 மீட்டர் நடையில் 43 நிமிடம் 38.83 விநாடிகளில் வெள்ளி வென்றார்.

பதக்கம் இருக்கு, பாடம் எங்கே?

இந்தியாவுக்கு இது புது விளையாட்டு இல்லை. 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டிலேயே 10 கி.மீ. நடையில் மகாவீர் பிரசாத்தும், 50 கி.மீ. நடையில் பக்தாவர் சிங்கும் தங்கம் வென்றார்கள். 1982-ல் அதே டெல்லியில் சந்த் ராம் 20 கி.மீ. தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கேரளத்தின் கே.டி.இர்ஃபான் 10-வது இடம் பிடித்தார். பஞ்சாபின் அக்‌ஷ்தீப் சிங் 2024-ல் 20 கி.மீ.யை 1 மணி 19 நிமிடம் 38 விநாடிகளில் கடந்து தேசிய சாதனை படைத்தார். ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கும் குறைவு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மஞ்சு ராணியுடன் சேர்ந்து 35 கி.மீ. கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்ற ராம் பாபு, கொரோனா காலத்தில் நூறு நாள் வேலைக்குப் போனவர். 2025-ல் கொரியாவின் குமியில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 20 கி.மீ. நடையில் வெண்கலம் வென்ற செர்வின் செபாஸ்டியன் தமிழ்நாட்டுக்காரர்.

வசதியான விளையாட்டு அகாடமி கிடைக்காத பிள்ளைகளும் இந்த வழியாக நாட்டு ஜெர்சி வரை போக முடிகிறது. தேவை ஒரு நீளமான பாதையும், ஒரு ஜோடி ஷூவும், முழங்காலைக் கவனிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்ணும்தான். முதல் இரண்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. மூன்றாவதுதான் பஞ்சம். மாவட்டப் போட்டிக்கு ஒரு மாதத்துக்கு முன்னால், "ஓட்டத்துல உனக்கு சான்ஸ் கம்மி, நடையில பேர் கொடுத்துடு தம்பி" என்று அனுப்பப்படும் மாணவருக்கு, முழங்கால் விதியைச் சொல்லித்தர அந்த ஒரு மாதம் போதாது. நேரம் குறைந்தால் கைதட்டு கிடைக்கிறது. முழங்கால் நேராக இருந்தால் யாரும் தட்டுவதில்லை. அந்த மாணவர் கற்றுக்கொள்வது எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை மாற்றப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். பள்ளி, மாவட்ட அளவில் நடைப் பயிற்சி தொடங்கும் முதல் மூன்று மாதங்களுக்கு ஸ்டாப்வாட்ச்சை மேசை டிராயரில் வைத்துவிடலாம். வேகத்துக்குப் பதிலாக நடைக்கு மதிப்பெண் போடலாம். மடங்காமல் 400 மீட்டர் நடந்தவருக்குத்தான் 800 மீட்டர் என்று படிப்படியாக ஏற்றலாம். பரிசளிப்பு விழாவில், வேகமாக வந்தவருக்கு ஒரு கோப்பை என்றால், ஒரு மஞ்சள் பலகைகூட வாங்காமல் முடித்தவருக்கும் ஒரு கோப்பை கொடுக்கலாம். செலவு ஒரு கோப்பைதான்.

இதற்கு இப்போது அவசரமும் இருக்கிறது. டோக்கியோவோடு 50 கி.மீ. பந்தயம் ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது. 2026 முதல் 20 கி.மீ., 35 கி.மீ. தூரங்களுக்குப் பதிலாக அரை மாரத்தான், மாரத்தான் தூரங்களில் நடைப் பந்தயம் நடத்த உலகத் தடகள அமைப்பு முடிவெடுத்திருக்கிறது. தூரம் நீள நீள, களைப்பு கூடும். களைப்பில் முதலில் கலைவது முழங்கால்தான். 42 கி.மீ. முழுவதும் கலையாத நடை, பந்தயத்துக்கு முந்தின மாதம் பழகி வருவதில்லை.

பதக்கக் கனவெல்லாம் இல்லாத ஐடி ஊழியருக்கு இதில் என்ன இருக்கிறது? காலை ஆறரை மணி, பக்கத்து மைதானம், ஒரு சுண்ணாம்புக் கோடு, ஒரு நிமிடம். குதிகால் தொடுகிறதா, முழங்கால் நேராக இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. அங்கே நடுவர் யாரும் இல்லை, ரெட் கார்டும் இல்லை. மடங்கினால் தெரியப்போவது நடப்பவருக்கு மட்டும்தான். பெஞ்சில் யாராவது சிரித்தால், ஒரு ரவுண்டு கூட நடந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிடலாம். பாதி தூரம் போவதற்குள் அவர் ஓடத் தொடங்கிவிடுவார்.